கொரிய மரக்கறிச் சமையல்

கொரிய மரக்கறிச் சமையல் என்பது கொரியத் தீபகற்பத்தின் உணவு மரபைச் சார்ந்து, இறைச்சி, மீன், பிற கடலுயிரிகள், அவற்றிலிருந்து பெறப்படும் சாறுகள் ஆகியன இன்றி உணவு ஆக்கும் முறையாகும். சோறு, கீரை, கிழங்கு, காளான், கடற்பாசி, சோயா அவரை ஆகியன கொரிய உணவின் பெரும்பகுதியாக அமைவதால், அது மரக்கறியாளருக்கு இயல்பாகவே பொருந்தும் எனத் தோன்றும். ஆயினும், காய்கறி மட்டுமே கண்ணுக்குத் தெரியும் பல கொரிய உணவுகளில் நெத்திலிச் சாறும், உப்பிட்டு நொதிக்க வைத்த இறாலும் கலந்துள்ளன. ஆகவே வீட்டில் இவ்வுணவை ஆக்குவோர் இறைச்சித் துண்டுகளை நீக்குவதுடன் நின்றுவிட முடியாது. உணவுக்கு அடிப்படையாகும் சாறு, உப்புச் சுவை தரும் பொருள் ஆகிய இரண்டையும் மாற்ற வேண்டும். கொரியப் பௌத்த விகாரைகளின் சமையல் மரபு இதற்கான வழிகளை நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றது.

பெயரும் வரையறையும்

கொரிய மொழியில் மரக்கறி உணவு "சேசிக்" எனப்படும். இச்சொல்லின் பொருள் எல்லோரிடத்தும் ஒன்றாக இருப்பதில்லை. முட்டையும் பாலும் உண்பவர், மீன் மட்டும் உண்பவர், விலங்குப் பொருள் எதனையும் உண்ணாதவர் ஆகிய பல தரப்பினரும் பேச்சுவழக்கில் இச்சொல்லாலேயே குறிக்கப்படுகின்றனர்.

இறைச்சியைக் குறிக்கும் சொல் "கோகி" என்பதாகும். மீன் "முல்கோகி", அதாவது நீர் இறைச்சி எனப்படுகின்றது. எனினும் ஒருவர் "கோகி உண்பதில்லை" என்று கூறும்போது, அவர் மாடு, பன்றி, கோழி ஆகியவற்றை உண்பதில்லை என்றே பலர் விளங்கிக் கொள்கின்றனர். மீனும், இறாலும், சிப்பியும் அதில் அடங்குவதாகக் கொள்ளப்படுவதில்லை. முட்டையும் பெரும்பாலும் மரக்கறி உணவுடன் சேர்த்தே எண்ணப்படுகின்றது. முட்டையை அசைவமாகக் கருதும் தமிழ் மரக்கறியாளர் இவ்வேறுபாட்டைக் கருத்தில் கொள்ளல் வேண்டும்.

இக்கட்டுரையில் மரக்கறி என்பது முட்டையையும் விலக்கிய உணவையே குறிக்கின்றது. மரபார்ந்த கொரியச் சமையலில் பால், வெண்ணெய், நெய் ஆகியவற்றின் பயன்பாடு மிகக் குறைவு. எனவே இங்கு விளக்கப்படும் உணவுகளில் பாற்பொருட்களும் இடம்பெறவில்லை.

வரலாறு

பௌத்த சமயம் கி.பி. 372 இல் கொகுரியோ நாட்டுக்கும், 384 இல் பெக்ஜே நாட்டுக்கும் வந்தது. சில்லா நாடு 527 இல் அதனை ஏற்றுக்கொண்டது. சில்லாவில் 529 இல் பொப்ஹுங் மன்னரும், பெக்ஜேயில் 599 இல் பொப் மன்னரும் உயிர்க்கொலையைத் தடை செய்து ஆணை பிறப்பித்தனர். கொரியோ அரச மரபின் காலத்தில் (918-1392) பௌத்தம் அரசின் பேராதரவைப் பெற்றிருந்தது. அக்காலத்தில் கீரை, காய்கறி, சோயா உணவுகள் செழித்தன. 13 ஆம் நூற்றாண்டில் மங்கோலியரின் மேலாதிக்கம் ஏற்பட்டதைத் தொடர்ந்து இறைச்சி உண்ணும் வழக்கம் மீண்டும் பரவியது.

அடுத்து வந்த ஜோசொன் அரச மரபு (1392-1910) கன்பூசியக் கொள்கையைப் பின்பற்றியது. முன்னோர் வழிபாட்டில் இறைச்சியும் மீனும் படைக்கப்பட்டன. பௌத்தம் ஒடுக்கப்பட்டு, விகாரைகள் பெரும்பாலும் மலைப்பகுதிகளில் மட்டும் எஞ்சின. இறைச்சியற்ற சமையலும் அவற்றுடன் மலைகளில் நிலைத்தது. எனினும் அரசுக்கும் விகாரைகளுக்கும் இடையிலான தொடர்பு முற்றாக அறுபடவில்லை. அரச கல்லறைகளில் நிகழும் நினைவுச் சடங்குகளுக்குச் சோயாக் கட்டி (டோஃபு) செய்து அளிக்கும் பொறுப்புச் சில விகாரைகளிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

இன்று கொரிய உணவின் அடையாளமாகக் கருதப்படும் மிளகாய், அமெரிக்கக் கண்டத்திலிருந்து உலகெங்கும் பரவிய பயிராகும். யி சு-குவாங் என்னும் அறிஞர் 1614 இல் எழுதிய "ஜிபோங் யூசொல்" என்னும் நூலில் மிளகாய் பற்றிய குறிப்பு உள்ளது. அதற்கு முற்பட்ட கொரிய உணவு, காரத்திற்கு மிளகு, இஞ்சி போன்றவற்றையே சார்ந்திருந்தது. ஜாங் கியே-ஹியாங் என்னும் பெண்மணி ஏறத்தாழ 1670 இல் எழுதிய "உம்சிக் திமிபாங்" என்னும் சமையல் நூல், கொரிய எழுத்தில் அமைந்த மிகப் பழைய சமையல் நூல்களுள் ஒன்றாகும்.

மறைந்திருக்கும் விலங்குப் பொருட்கள்

மரக்கறி போலத் தோற்றமளிக்கும் உணவுகளில் விலங்குப் பொருட்கள் பின்வரும் வழிகளில் சேர்கின்றன.

நெத்திலிச் சாறு: உலர்ந்த நெத்திலியையும் தாசிமா என்னும் கடற்பாசியையும் கொதிக்கவைத்து வடித்த நீரே பெரும்பாலான குழம்புகளுக்கும், நூடுல்சுச் சூப்புகளுக்கும், தொக்பொக்கி எனப்படும் காரமான அரிசிக் கட்டி உணவுக்கும் அடிப்படையாகும். மீனை வடித்து நீக்கிவிடுவதால் உண்பவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை.

ஜொத்கல்: இறால், நெத்திலி முதலியவற்றை மிகுந்த உப்பில் இட்டு நொதிக்க வைத்த பொருள். கடையில் விற்கும் கிம்ச்சியில் பெரும்பாலும் இது உண்டு. கீரைத் துவட்டல்களிலும் உப்புக்குப் பதிலாக மீன் நீர் சேர்ப்பதுண்டு.

மாட்டிறைச்சிச் சாறு: ஜொன்ஜு நகரின் புகழ்பெற்ற பிபிம்பாப் உணவுக்கான சோற்றை மாட்டெலும்புச் சாற்றில் ஆக்கும் வழக்கம் உண்டு. மேலிருக்கும் இறைச்சியை நீக்கினாலும் அச்சோறு மரக்கறி ஆகாது. மகப்பேற்றின் பின்னரும் பிறந்தநாளிலும் உண்ணப்படும் மியோக்குக் என்னும் கடற்பாசிச் சூப்பிலும் பெரும்பாலும் மாட்டிறைச்சியோ சிப்பியோ சேர்க்கப்படுகின்றது.

சுவையூட்டித் தூள்கள்: கடைகளில் கிடைக்கும் சாற்றுத் தூள்கள் பல மாட்டிறைச்சி அல்லது நெத்திலியைக் கொண்டவை. குழம்புக்கென்றே கலந்து விற்கப்படும் சில சோயா விழுதுகளிலும் நெத்திலி, சிப்பி ஆகியவற்றின் சாறு உண்டு. ஆகவே பொதியின் மீதுள்ள உள்ளடக்கப் பட்டியலைப் படித்தறிவது இன்றியமையாதது.

அடிப்படைப் பொருட்கள்

ஜாங் எனப்படும் நொதித்த சோயாப் பொருட்கள்

கொரியச் சமையலின் முதுகெலும்பு ஜாங் ஆகும். சோயா அவரையை நன்கு வேகவைத்து, மசித்து, செங்கல் போன்ற கட்டிகளாக்கி, வைக்கோலால் கட்டித் தொங்கவிடுவர். வைக்கோலிலும் காற்றிலும் உள்ள நுண்ணுயிரிகளும் பூஞ்சணமும் கட்டியில் வளர்ந்து அவரையின் புரதத்தைச் சிதைக்கின்றன. இக்கட்டி மேஜு எனப்படும். பின்னர் மேஜுவைக் கழுவி, மண்சாடியில் உப்புநீருள் ஊறவைப்பர். ஏறத்தாழ 2 மாதங்களின் பின் நீரையும் திண்மத்தையும் வேறாக்குவர். நீர் கன்ஜாங் என்னும் சோயா நீராகவும், திண்மம் தோன்ஜாங் என்னும் விழுதாகவும் மேலும் முதிர்கின்றன. ஒரே அவரையிலிருந்து, ஒரே சாடியில் இரு பொருட்களும் கிடைக்கின்றன.

இம்முறையில் பெறப்படும் கன்ஜாங் நிறத்தில் வெளிறியும் உப்பில் மிகுந்தும் இருக்கும். அதனைக் குக்-கன்ஜாங், அதாவது சூப்புக்குரிய சோயா நீர் என்பர். மரக்கறிச் சமையலில் மீன் நீரின் இடத்தை நிரப்பும் முதன்மைப் பொருள் இதுவே. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் கருநிறச் சோயா நீர் கோதுமை சேர்த்து வேறு முறையில் ஆக்கப்படுவது. இனிப்பு கலந்த பொரியல்களுக்கு அது ஏற்றது.

மூன்றாவது வகையான கொச்சுஜாங், மிளகாய்த் தூள், ஒட்டரிசி மா, மேஜுத் தூள், முளைகட்டிய வாற்கோதுமை மா, உப்பு ஆகியவற்றைக் கலந்து நொதிக்க வைத்த செந்நிற விழுதாகும். இது காரமும் இனிப்பும் ஒருங்கே கொண்டது.

மிளகாய்த் தூள்

கொச்சுகாரு எனப்படும் கொரிய மிளகாய்த் தூள், விதை நீக்கிய மிளகாயைக் கொரகொரப்பாக அரைத்துப் பெறப்படுகின்றது. நிறம் மிகுதி, காரம் குறைவு. தமிழர் வீடுகளிலுள்ள மிளகாய்த் தூளை அதே அளவில் சேர்த்தால் உணவு உண்ண இயலாத காரமாகிவிடும். மல்லியும் சீரகமும் கலந்த குழம்புத் தூள் முற்றிலும் பொருந்தாது. காசுமீர மிளகாயை விதை நீக்கி, கரகரப்பாகப் பொடித்தால் ஓரளவு ஒத்த பயன் கிடைக்கும்.

எண்ணெயும் விதையும்

கொரிய எள்ளெண்ணெய், வறுத்த எள்ளிலிருந்து பிழியப்படுகின்றது. தமிழ்நாட்டு நல்லெண்ணெய் வறுக்காத எள்ளிலிருந்து பெறப்படுவதால் இரண்டின் மணமும் வேறானவை. கொரிய எண்ணெய் தாளிக்கப் பயன்படுவதைவிட, அடுப்பிலிருந்து இறக்கியபின் மணத்திற்குச் சில துளிகள் சேர்க்கவே பெரிதும் பயன்படுகின்றது. அது கிடைக்காதவிடத்து, எள்ளைப் பொன்னிறமாக வறுத்து இடித்து, சிறிது நல்லெண்ணெயுடன் சேர்க்கலாம்.

துல்கே என்பது துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடி. இதன் இலை பச்சையாகவும் ஊறுகாயாகவும் உண்ணப்படுகின்றது. விதையைப் பொடித்துச் சூப்பில் சேர்த்தால், தேங்காய்ப்பால் சேர்த்தாற்போன்ற கெட்டித் தன்மையும் கொழுப்புச் சுவையும் உண்டாகும். இறைச்சியற்ற சூப்புகளுக்கு நிறைவு தருவதால் விகாரைச் சமையலில் இதற்குச் சிறப்பிடம் உண்டு. எள்ளின் ஒரு வகை எனப் பிழையாகக் கருதப்பட்டாலும், இது எள்ளுடன் தொடர்புடையதன்று.

கடற்பாசிகள்

தடித்த தாசிமா சாறு எடுக்கவும், மென்மையான மியோக் சூப்புக்கும், தாள் போல் உலர்த்தப்பட்ட கிம் சோற்றைச் சுற்றி உண்ணவும் பயன்படுகின்றன.

மரக்கறிச் சாறு

நெத்திலிச் சாற்றின் சுவைக்குக் காரணம் அதிலுள்ள இனோசினேட்டு என்னும் பொருளாகும். தாசிமாவில் குளுட்டாமேட்டு மிகுதியாக உள்ளது. இதனைச் சப்பானிய வேதியியலாளர் இக்கேடா கிக்குனே 1908 இல் கண்டறிந்தார். உலர்ந்த சிட்டாக்கே காளானில் குவானிலேட்டு என்னும் பொருள் உள்ளது. குளுட்டாமேட்டுடன் இனோசினேட்டோ குவானிலேட்டோ சேரும்போது, அவை தனித்தனியே தரும் சுவைகளின் கூட்டைவிடப் பன்மடங்கு மிகுந்த சுவை உணரப்படுகின்றது. எனவே நெத்திலியின் இடத்தில் உலர்ந்த காளானை வைப்பது வெறும் நிரப்புப் பொருளன்று. அதே விளைவை வேறு வழியில் பெறுவதாகும். காளான் உலர்ந்ததாக இருப்பது முக்கியம். பச்சைக் காளானில் இப்பொருள் மிகக் குறைவு.

செய்முறை: 1 லீற்றர் நீரில் 10 கிராம் தாசிமாவையும் 4 அல்லது 5 உலர்ந்த சிட்டாக்கே காளான்களையும் அரை மணி நேரம் ஊறவைக்கவும். தாசிமாவின் மீதுள்ள வெண்ணிறப் படிவு சுவை தருவது. அதனைக் கழுவாமல், தூசியை மட்டும் துணியால் துடைக்கவும். நடுத்தரத் தீயில் சூடாக்கி, நீர் கொதிக்கத் தொடங்கியதும் தாசிமாவை எடுத்துவிடவும். மேலும் கொதித்தால் வழவழப்பும் கசப்பும் இறங்கும். காளானை மட்டும் மேலும் 15 நிமிடம் மெல்லிய தீயில் வைத்து வடிக்கவும். முள்ளங்கித் துண்டுகள் சில சேர்த்தால் இனிமை கூடும். வெந்த காளானை நறுக்கிப் பிற உணவுகளில் சேர்க்கலாம்.

இவை கிடைக்காதவிடத்து, அரிசியை இரண்டாம் முறை களைந்த நீரைக் குழம்புக்குப் பயன்படுத்தலாம். கொரிய இல்லங்களில் இது பழைய வழக்கமாகும். இந்நீரிலுள்ள மாப்பொருள் குழம்புக்குக் கெட்டித் தன்மை அளிக்கின்றது.

கிம்ச்சி

கிம்ச்சி என்பது உப்பிட்ட காய்கறிகளை இலாக்டிக் அமில நுண்ணுயிரிகளால் நொதிக்கவைத்துப் பெறப்படும் உணவாகும். நொதித்தலைச் செய்யும் நுண்ணுயிரிகள் காய்கறியிலேயே உள்ளன. ஜொத்கல் இல்லாமலும் கிம்ச்சி புளிக்கும். ஜொத்கல் தருவது உப்பும் புரதச் சுவையும் மட்டுமே. அதனை நீக்கும்போது உப்பின் அளவு குறைந்துவிடுவதைப் பலர் கவனிப்பதில்லை. உப்புக் குறைந்த கிம்ச்சி விரைவில் குழைந்துவிடும். குக்-கன்ஜாங் சேர்ப்பது சுவை, உப்பு ஆகிய இரு குறைகளையும் ஒருங்கே போக்குகின்றது.

தேவையான பொருட்கள்: சீன முட்டைக்கோசு 2 கிலோகிராம், கல்லுப்பு 200 கிராம், முள்ளங்கி 300 கிராம், கொச்சுகாரு 80 கிராம், ஒட்டரிசி மா 2 மேசைக்கரண்டி, மரக்கறிச் சாறு ஒன்றரைக் குவளை, குக்-கன்ஜாங் 4 மேசைக்கரண்டி, இஞ்சி 1 மேசைக்கரண்டி (துருவியது), பூண்டு 8 பற்கள், பேரிக்காய் பாதி, வெங்காயத்தாள் 5.

செய்முறை: முட்டைக்கோசை நீளவாக்கில் நான்காகப் பிளந்து, இலைகளுக்கு இடையே உப்பைத் தூவி, தண்டுப் பகுதிக்குக் கூடுதலாக இட்டு, சிறிது நீர் தெளித்து 6 முதல் 8 மணி நேரம் வைக்கவும். இடையில் ஓரிரு முறை புரட்டிவிடவும். தண்டு முறியாமல் வளையும் நிலையை அடைந்ததும் மூன்று முறை கழுவி, 2 மணி நேரம் நீர் வடியவிடவும். ஒட்டரிசி மாவைச் சாற்றில் கரைத்துக் கூழாகக் காய்ச்சி ஆறவிடவும். அதில் கொச்சுகாரு, குக்-கன்ஜாங், அரைத்த இஞ்சி, பூண்டு, பேரிக்காய் ஆகியவற்றைக் கலந்து, குச்சிகளாக நறுக்கிய முள்ளங்கியையும் வெங்காயத்தாளையும் சேர்க்கவும். இக்கலவையை ஒவ்வோர் இலையிலும் பூசி, காற்று புகாதபடி கலத்தில் அழுத்தி அடுக்கவும். நொதிக்கும்போது வளிமம் வெளிவந்து நீர் பொங்கும் ஆதலால், கலத்தின் மேற்பகுதியில் சிறிது இடம் விடவேண்டும்.

குளிர்ந்த தட்பவெப்பத்தில் ஒரு நாள் வெளியே வைத்துப் பின் குளிர்பதனப் பெட்டியில் வைப்பர். வெப்பமான இடங்களில் 8 முதல் 12 மணி நேரமே போதுமானது. 2 அல்லது 3 வாரங்களில் நன்கு முதிரும். மிகவும் புளித்த கிம்ச்சியை வீசாமல் குழம்பும் அடையும் செய்யப் பயன்படுத்துவர்.

வீட்டில் ஆக்கத்தக்க உணவுகள்

நமுல்

கீரை, முளை, வேர் ஆகியவற்றை வேகவைத்து அல்லது வதக்கிச் சுவையூட்டிய துணை உணவு நமுல் எனப்படும். பசளிக்கீரையைக் கொதிநீரில் அரை நிமிடம் இட்டு, உடனே குளிர்நீரில் அலசி, நன்கு பிழிந்து, குக்-கன்ஜாங், எள்ளெண்ணெய், இடித்த எள் ஆகியவற்றுடன் கையால் பிசைவது இதன் எளிய வடிவம். பிழிவது போதாவிடில் சுவை நீர்த்துவிடும்.

கொங்நமுல் எனப்படும் சோயா முளையை வேகவைக்கும்போது மூடியைத் தொடக்கம் முதல் இறுதிவரை மூடியே வைக்கவேண்டும். அல்லது முழுவதும் திறந்தே வைக்கவேண்டும். இடையில் திறந்தால் பச்சை வாடை தங்கிவிடும் என்பது கொரிய இல்லத்தாரின் பட்டறிவு.

கொசாரி எனப்படும் பெரணித் தளிர் கொரிய நமுல்களில் சிறப்பானது. பச்சைப் பெரணியில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நச்சுப்பொருள் உள்ளது. வேகவைத்து, பலமுறை நீர் மாற்றி ஊறவைத்து, உலர்த்துவதால் அதன் அளவு பெரிதும் குறைகின்றது. பழக்கமில்லாதோர் பச்சைத் தளிரைப் பறித்துச் சமைத்தலைத் தவிர்த்து, பதப்படுத்தி உலர்த்தி விற்கப்படுவதை மட்டும் வாங்கி, ஊறவைத்து வேகவைத்து உண்ணல் நன்று.

பிபிம்பாப்

"பிசைந்த சோறு" எனப் பொருள்படும் இவ்வுணவில், சோற்றின் மீது பல நிற நமுல்களை வட்டமாக அடுக்கி, நடுவில் கொச்சுஜாங் வைத்து, உண்ணும்போது கலந்துகொள்வர். பசளி, சோயா முளை, காரட், காளான், முள்ளங்கி ஆகிய ஐந்தும் போதுமானவை. முட்டைக்குப் பதிலாகப் பொரித்த சோயாக் கட்டி வைக்கலாம். குறுமணி அரிசியே இதற்கு ஏற்றது; உதிரியான நெடுமணி அரிசியில் விழுது சீராகப் பற்றாது.

தோன்ஜாங் ஜிகே

மரக்கறிச் சாறு 3 குவளையில் உருளைக்கிழங்கு, இளம் பூசணிக்காய், காளான் ஆகியவற்றை வேகவிட்டு, 2 மேசைக்கரண்டி தோன்ஜாங்கைக் கரைத்துச் சேர்த்து, 10 நிமிடம் கொதித்தபின் சோயாக் கட்டித் துண்டுகளும் பச்சை மிளகாயும் இட்டு இறக்குவர். அன்றாட இல்லச் சமையலில் மிகப் பரவலான குழம்பு இதுவே. தோன்ஜாங்கிலேயே போதிய உப்பு உள்ளதால் தனியாக உப்புச் சேர்ப்பதில்லை.

துபு ஜொரிம்

கெட்டியான சோயாக் கட்டியைத் துண்டுகளாக்கி, ஈரம் ஒற்றி, இருபுறமும் பொன்னிறமாக வாட்டுவர். சோயா நீர் 3 மேசைக்கரண்டி, கொச்சுகாரு 1 மேசைக்கரண்டி, சர்க்கரை 1 தேக்கரண்டி, நீர் அரைக் குவளை, பூண்டு, வெங்காயத்தாள் ஆகியவற்றைக் கலந்து அதன்மீது ஊற்றி, நீர் வற்றும்வரை மெல்லிய தீயில் வைப்பர். ஆறியபின்னும் உண்ணலாம்.

ஜப்சே

சருக்கரைவள்ளிக் கிழங்கின் மாப்பொருளால் செய்த கண்ணாடி போன்ற நூடுல்சை, வதக்கிய காய்கறிகளுடனும் சோயா நீருடனும் கலந்து செய்வது. "உம்சிக் திமிபாங்" நூலிலுள்ள ஜப்சேயில் நூடுல்சே இல்லை. அது பல காய்கறிகளின் கலவையாகும். அதில் காட்டுக்கோழி இறைச்சியும் சேர்க்கப்பட்டது. நூடுல்சு சேர்ப்பது 20 ஆம் நூற்றாண்டில் பரவிய வழக்கம். இக்காலத்தில் சேர்க்கும் மாட்டிறைச்சிக்குப் பதிலாகச் சோயா நீரில் ஊறிய சிட்டாக்கே காளானைச் சேர்த்தால் மரக்கறி ஜப்சே கிடைக்கும். ஒவ்வொரு காயையும் தனித்தனியே வதக்கி இறுதியில் கலப்பதே இதன் நுட்பமாகும்.

பிந்தேத்தொக்

தோல் நீக்கிய பாசிப்பயற்றை ஊறவைத்து அரைத்து, முளைகளும் கிம்ச்சியும் சேர்த்துக் கல்லில் வார்ப்பது. தமிழரின் அடையை ஒத்தது. வழக்கமாகச் சேர்க்கும் பன்றி இறைச்சியை விடுத்து, மரக்கறிக் கிம்ச்சியைப் பயன்படுத்தினால் போதும். மா பிணைந்து நிற்க முட்டை தேவையில்லை.

ஒரு வேளை உணவின் அமைப்பு

கொரிய உணவில் ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறும் முறை இல்லை. சோறு, சூப்பு அல்லது குழம்பு, கிம்ச்சி, பன்சான் எனப்படும் துணை உணவுகள் ஆகிய அனைத்தும் ஒரே நேரத்தில் வைக்கப்படுகின்றன. வீட்டில் நாள்தோறும் பல உணவுகளை ஆக்குவது கடினமாகத் தோன்றினும், கிம்ச்சியும் ஊறுகாய்களும் முன்னரே செய்து வைக்கப்படுபவை. ஜொரிம் வகைகள் சில நாட்கள் கெடாதவை. எனவே அன்றாடம் புதிதாக ஆக்கவேண்டியவை சோறும், ஒரு குழம்பும், ஒரு நமுலும் மட்டுமே.

சந்திர நாட்காட்டியின் முதல் மாதத்து முழுநிலவு நாளில், ஐந்து தானியச் சோற்றையும், முந்தைய ஆண்டு உலர்த்தி வைத்த கீரை வகைகளால் செய்த நமுல்களையும் உண்ணும் மரபு உள்ளது. சமய வரையறை எதுவுமின்றிப் பொதுமக்கள் இல்லங்களிலேயே காய்கறிகளை முதன்மையாகக் கொண்ட விருந்துக்கு இது சான்றாகும்.

விகாரை உணவும் ஐந்து காரப் பூண்டுகளும்

கொரிய விகாரை உணவு இறைச்சியையும் மீனையும் மட்டுமன்றி, "ஒசின்சே" எனப்படும் ஐந்து கார மணமுள்ள தாவரங்களையும் விலக்குகின்றது. அவை பூண்டு, வெங்காயத்தாள், பூண்டு மணமுள்ள புச்சு என்னும் கீரை, தல்லே என்னும் காட்டு வெங்காயம், ஹுங்கொ ஆகியனவாகும். இவை மனத்தைக் கிளர்ச்சியூட்டித் தியானத்தைக் குலைக்கும் என்பது நம்பிக்கை.

இப்பட்டியலின் ஐந்தாவது பொருளான ஹுங்கொ, பெருங்காயமாகும். பெருங்காயத்தைக் குறிக்கும் "ஹிங்கு" என்னும் சமசுகிருதச் சொல் சீனம் வழியாகக் கொரிய மொழியில் இவ்வடிவம் பெற்றது. கொரியாவில் பெருங்காயம் விளைவதும் இல்லை. சமையலில் பயன்படுவதும் இல்லை. ஆயினும் இந்திய வழிவந்த விதிப் பட்டியலில் அதன் பெயர் நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டில் பூண்டு, வெங்காயம் தவிர்ப்போர் அவற்றுக்கு மாற்றாகப் பெருங்காயம் சேர்ப்பது வழக்கம். விகாரை உணவு முறையைப் பின்பற்றிச் சமைக்க விரும்புவோர் அம்மாற்றைக் கையாள இயலாது.

பூண்டின் இடத்தை விகாரைச் சமையலில் இஞ்சி, துல்கே விதை, எள், காளான் தூள், முதிர்ந்த ஜாங் ஆகியன நிரப்புகின்றன. மேலே கூறிய கிம்ச்சியில் பூண்டையும் வெங்காயத்தாளையும் நீக்கி, இஞ்சியையும் பேரிக்காயையும் சிறிது கூட்டினால் அது விகாரைக் கிம்ச்சியை ஒத்ததாகும்.

துறவியர் ஒன்றுகூடி உண்ணும் முறை "பாரு கொங்யாங்" எனப்படும். ஒவ்வொருவரும் தமக்குரிய நான்கு கிண்ணங்களில் தேவையான அளவு மட்டும் எடுத்துக்கொள்வர். உண்டு முடிந்ததும் ஒரு துண்டுக் கிம்ச்சியாலும் நீராலும் கிண்ணத்தைத் துடைத்து, அந்நீரையும் பருகுவர். ஒரு பருக்கையும் வீணாவதில்லை.

உடல்நலக் குறிப்புகள்

ஜாங், கிம்ச்சி ஆகியன உப்பு மிகுந்தவை. குருதி அழுத்தம் உடையோர் அளவறிந்து உண்ணல் வேண்டும். தாசிமாவில் அயோடின் மிக அதிகம். கேடயச் சுரப்பி நோயுடையோர் மருத்துவரின் அறிவுரை பெறுதல் நன்று. கோதுமை ஒவ்வாமை உடையோர் கருநிறச் சோயா நீரையும், கடையில் விற்கும் கொச்சுஜாங்கையும் வாங்குமுன் உள்ளடக்கத்தைச் சரிபார்க்க வேண்டும்.

அண்மைக்கால நிலை

கிம்ச்சி செய்து பகிர்ந்துகொள்ளும் கிம்ஜாங் வழக்கம், 2013 இல் தென்கொரியாவின் சார்பிலும், கிம்ச்சி ஆக்கும் மரபு 2015 இல் வடகொரியாவின் சார்பிலும் யுனெசுக்கோவின் புலனாகாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. தென்கொரியாவின் ஜாங் ஆக்கும் மரபு 2024 இல் அப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. விகாரை உணவு 2025 இல் தென்கொரிய அரசால் தேசியப் புலனாகா மரபாக அறிவிக்கப்பட்டது.

பெக்யாங்சா விகாரையைச் சேர்ந்த ஜொங் குவான் என்னும் பிக்குணியின் சமையல், 2017 இல் "செஃப்ஸ் டேபிள்" என்னும் நெட்ஃபிளிக்சு ஆவணத் தொடரில் இடம்பெற்றபின் உலகெங்கும் அறியப்பட்டது. அவர் உணவகம் எதனையும் நடத்துபவர் அல்லர். தாம் பயிரிட்ட காய்கறிகளையும், தம் சாடிகளில் முதிர்ந்த ஜாங்கையும் கொண்டு உடன் உறையும் துறவியருக்கும் விருந்தினருக்கும் சமைப்பவர் ஆவார்.